இடது காதுக்கு ஏழு சுற்று

ஒரே கம்பத்தைப் பற்றி இரண்டு கொடிகள் ஏறின. ஒன்று வலப்புறமாகச் சுற்றிற்று. மற்றொன்று இடப்புறமாகச் சுற்றிற்று. சந்தித்த இடங்களிலெல்லாம், "நீ தப்பாகச் சுற்றுகிறாய்" என்று ஒன்றை ஒன்று கடிந்துகொண்டன. பெருங்காற்று வீசிய நாளில் பக்கத்துக் கம்பத்துக் கொடிகள் சரிந்து விழ, இவை மட்டும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே கிடந்து இறுகியதால் நின்றுகொண்டன. அதற்குப் பிறகும் அவை கடிந்துகொள்வதை நிறுத்தவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தையல் கடைக்கு மேலே இருந்த மாடியறையில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம், ஓர் அண்ணியும் நாத்தனாரும் எதிரெதிரே உட்கார்ந்து வெள்ளிக் கம்பியில் காதணி செய்துவந்தார்கள். மேசையின்மேல் கம்பளித் துணி விரித்திருக்கும். இல்லாவிட்டால் மணிகள் உருண்டு பலகை இடுக்கில் குடிபுகுந்துவிடும். செவ்வந்திக்கல், பவளம், மூன்ஸ்டோன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை டப்பா. வெள்ளிக் கம்பிச் சுருள்கள் கறுத்துப் போகாமலிருக்க அவற்றின் உறைக்குள் தலா ஒரு சாக்பீஸ் துண்டு.

வேலை பார்வைக்கு எளியது. மணியின் துளையில் கம்பியைக் கோத்து, மேல் முனையைக் குறட்டின் உருண்டை மூக்கில் வளைத்துக் கண்ணியாக்கி, மிச்சக் கம்பியைக் கண்ணியின் கழுத்தில் ஏழு முறை நெருக்கமாகச் சுற்றி, வாலை மணியின் தோள்மேல் ஒரு சுருளாகப் படியவிட வேண்டும். ஆனால் வெள்ளிக்கு ஒரு குணம் உண்டு. சுருளிலிருந்து வரும்போது அது பச்சைக் கொடிபோல் வளையும். ஒரு முறை வளைத்ததும் விறைத்துக்கொள்ளும். அதை நிமிர்த்தி மீண்டும் வளைத்தால் இன்னும் விறைக்கும். மூன்றாம் முறை ஒடிந்துபோகும். ஆகவே சுற்றியது சுற்றியதுதான்.

அண்ணி வலக்கைக்காரி. நாத்தனார் இடக்கைக்காரி. ஆகவே ஒருத்தியின் சுருள் ஒரு பக்கம் முடியும். மற்றவளுடையது மறுபக்கம் முடியும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அவசரமாகக் கேட்ட ஒரு நர்ஸுக்காக ஆளுக்கொன்று செய்து கொடுத்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. நர்ஸ் கண்ணாடி முன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஜோடியில ரெண்டு சுருளும் என் முகத்தைப் பாக்குது. போன தடவை வாங்கினதுல ஒண்ணு என்னைப் பார்த்துச்சு, இன்னொண்ணு தெருவைப் பார்த்துச்சு" என்றாள். அன்றிலிருந்து வலது காது அண்ணிக்கு, இடது காது நாத்தனாருக்கு என்று வகுத்துக்கொண்டார்கள். அண்ணி தன் வலக்கையாலேயே எதிர்த்திசையில் சுற்றிப் பார்க்காமலில்லை. சுற்றுகளுக்கு நடுவே பல் விழுந்த வாய்போல் இடைவெளி விழுந்தது.

இரண்டும் ஒரே அளவாக அமைய வேண்டும் என்பதற்காக இருவரும் ஒரே நேரத்தில் சுற்றுவார்கள். சுற்றும்போது சேர்ந்து எண்ணுவார்கள். படியேறி வருகிறவர்கள் காதில் முதலில் விழுவது "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்ற அந்த இரட்டைக் குரல்தான்.

நாத்தனாரின் அண்ணன், வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கும் வயர்மேன். "எங்க வீட்டுல கம்பி எண்ணாத ஆளே கிடையாது" என்று யாரைப் பார்த்தாலும் சொல்வார். அந்த நகைச்சுவைக்கு வயது பன்னிரண்டு. இன்னமும் முதலில் சிரிப்பவர் அவர்தான்.

நாத்தனாருக்கு வயது நாற்பத்து நான்கு. பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டில், இடக்கையில் பென்சில் பிடித்தபோதெல்லாம் ஸ்கேலால் அடி வாங்கியவள். அந்த அடிகளின் பயனாக வலக்கையில் எழுதப் பழகினாள். எழுத்துக்கு மட்டும் அந்தக் கை. மற்ற எல்லாவற்றுக்கும் தன் கை. அப்படி அவளே தனக்குள் ஒரு பாகப்பிரிவினை செய்துவைத்திருந்தாள்.

ஒரு முற்பகல் வேலை நடுவில் அவள் செய்தியைச் சொன்னாள். எண்ணிக்கையோடு சேர்த்தே சொன்னாள்.

"மூணு, நாலு. அவர் கேட்டிருக்கார் அண்ணி. அஞ்சு."

"யாரு? என்ன கேட்டிருக்கார்?"

"ஆறு. கண்ணாடிக்காரர். என்னைக் கட்டிக்கறீங்களான்னு. ஏழு."

அவள் சுற்றி முடித்து நுனியை வெட்டிவிட்டாள். அண்ணியின் கம்பி ஐந்திலேயே நின்றுவிட்டது.

கண்ணாடிக்காரர் என்றது மூக்குக்கண்ணாடி செய்து தருபவரை. நான்கு தெரு தள்ளிக் கடை வைத்திருந்தார். மேசை வேலைக்காக இருவருக்கும் கண்ணாடி பொருத்தியவர் அவர்தான். மனைவியை இழந்து ஒன்பது ஆண்டுகள் ஆன மனிதர். போன ஆண்டு, ரயிலில் ஆறு மணி நேரம் போக வேண்டிய துறைமுக நகரத்துக்குக் கடையை மாற்றிக்கொண்டு போனார். போன பிறகு, ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் துடைக்கும் துணியோடு மடித்து வைத்து ஒரு கடிதம் அனுப்பினார். நாத்தனார் பதில் எழுதினாள். அப்படி நான்கு கடிதங்கள் போய் வந்திருந்தன. அவை பவள டப்பாவின் அடியில் இருப்பது அண்ணிக்குத் தெரியும்; தெரியும் என்பது நாத்தனாருக்கும் தெரியும்.

"நீ என்ன சொல்லப் போற?"

"முடியாதுன்னுதான். மாசக் கடைசியில இங்க வேலையா வரார். நேர்ல சொன்னா போதும்னு எழுதியிருக்கார்."

"ஏன், பிடிக்கலையா?"

"பிடிக்கறதுக்கு என்ன. நல்ல மனுஷர். பேசினா, நாம பேசறதுக்கும் கொஞ்சம் இடம் விட்டுப் பேசுவார்."

"அப்புறம் என்னவாம்?"

நாத்தனார் அடுத்த கம்பியை அளந்து வெட்டினாள். "இடது காதை யாரு செய்வா?" என்றாள்.

அண்ணி சிரித்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை என்று கண்டு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

மாலையில் அண்ணனிடம் விஷயம் போனது. அவர் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். "இதென்ன பெரிய விஷயம். இடது காதை அங்கேர்ந்து தபால்ல அனுப்பேன்."

"எதிர்ல உட்கார்ந்து சேர்ந்து எண்ணினாத்தான் ஜோடி சேரும்" என்றாள் நாத்தனார்.

"காதுக்குமா பொருத்தம் பாக்கறீங்க? உங்களோட பேச எனக்கு வோல்டேஜ் பத்தாது" என்று அவர் எழுந்து கை கழுவப் போனார்.

அடுத்த இரண்டு வாரங்களில் வீட்டில் சில சிறிய மாற்றங்கள் ஏற்பட்டன. காதணிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை இருவரும் மாற்றி மாற்றிச் செய்துவந்தார்கள்; இப்போது நாத்தனாரே தினமும் மத்தியானம் போகும்படி ஆயிற்று. அண்ணி, முழங்கால் வலி என்றாள். அண்ணியின் இடது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்திரி ஏறிற்று. கத்தி பட்டுவிட்டது என்றாள். ஒரு நாள் டீயைப் புடவையில் கொட்டிக்கொண்டாள். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "என் பையில இருந்த செம்புக் கம்பித் துண்டெல்லாம் எங்க போச்சு?" என்று அண்ணன் இரு முறை கேட்டார்.

கீழே தையல் கடையில், சட்டைகளுக்குப் பொத்தான் துளை போட்டுக் காஜா எடுக்க ஒரு புதுப் பெண் வந்திருந்தாள். அவள் கத்தரிக்கோலை இடக்கையில் பிடிப்பதை, படியிறங்கும்போது நாத்தனார் கவனித்தாள். தன் இனத்தைக் கண்டுகொண்ட மகிழ்ச்சியோடு சிரித்துவிட்டுப் போனாள். அப்போது அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

இருபது ஜோடிகள் கேட்டிருந்த ஒரு கடைக்கு அனுப்புவதற்கு முன், நாத்தனார் வழக்கமான சோதனையில் உட்கார்ந்தாள். கம்பியின் நுனி சரியாக மடங்காமல் போனால் கழுத்தைக் கீறும், துணியைப் பிடித்திழுக்கும். அதனால் ஒவ்வொரு காதணியையும் ஒரு பட்டுத் துண்டின்மேல் இழுத்துப் பார்ப்பாள். பதினான்காவது ஜோடியின் இடது காதில் இழை ஒன்று மாட்டிக்கொண்டது.

அவள் அதைக் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தாள். சுற்று இடப்புறமாகத்தான் போயிருந்தது. ஆனால் நுனி மேலே மடங்கியிருந்தது. அவள் எப்போதும் மணியின் பக்கமாகக் கீழே மடக்குவாள். நான்காவது சுற்றும் ஐந்தாவது சுற்றும் ஒட்டவில்லை. அது அவள் செய்ததன்று. இடப்புறச் சுற்று என்பதால் அண்ணி செய்ததும் அன்று.

வேறொருவராக இருந்தால் வேறேதாவது தோன்றியிருக்கும். பன்னிரண்டு ஆண்டுகளாக வலது என்றால் அண்ணி, இடது என்றால் தான் என்று வாழ்ந்துவிட்ட அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: அண்ணி இன்னோர் இடக்கைக்காரியைப் பிடித்துவிட்டாள்.

காதணியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு கீழே இறங்கினாள். காஜாப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். கிளாஸ் இடக்கையில்தான் இருந்தது.

"பட்டுத் துண்டு ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"எடுத்துக்கோங்க அக்கா. பையில கிடக்கு."

நாத்தனார் பையைக் கிளறினாள். வேண்டிய நேரத்துக்குமேல் கிளறினாள். "நீ மேல வந்திருக்கியா?"

பெண் தயங்கினாள். "ரெண்டு தடவை. உங்க அண்ணி கூப்பிட்டாங்க."

"நான் கடைக்குப் போயிருந்தப்பவா?"

"ஆமாக்கா. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க. இப்ப நானே சொல்லிட்டேன் பாருங்க. என் வாயை முதல்ல காஜா எடுத்துத் தைக்கணும்."

நாத்தனார் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு படியேறினாள். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் படிகள் அவ்வளவு செங்குத்தாக இருந்ததில்லை.

மாடியில் அண்ணி கம்பி வெட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் தன் நாற்காலியில் உட்காரவில்லை. காதணியை அண்ணியின் முன்னால் வைத்தாள்.

"நான் போறேன் அண்ணி. அவர்கிட்ட சரின்னு சொல்லிடறேன்."

அண்ணியின் முகம் மலர்ந்தது. அது நாத்தனாரை இன்னும் சுட்டது.

"சந்தோஷம்தான் உங்களுக்கு. ஆள்தான் பாத்தாச்சே. நேராச் சொல்லியிருந்தா நானே அவளுக்குக் குறடு பிடிக்கக் கத்துக் கொடுத்துட்டுப் போயிருப்பேன். நான் என்ன கம்பி நீட்டிடுவேன்னா நினைச்சீங்க?"

"எந்த ஆளு?"

"கீழ காஜா எடுக்கற பொண்ணு."

அண்ணி அவளைப் பார்த்தாள், காதணியைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். செவ்வந்திக்கல் டப்பா குலுங்கிற்று.

"சிரிக்காதீங்க அண்ணி."

"அடி அசடு. உனக்கு வாத்தியார் தலையில அடிச்சிருக்கணும், கையில அடிச்சுட்டார்." அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் வலிக்காரி நடக்கும் நடையாக அது இல்லை. அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்து, கம்பளித் துணியின்மேல் கவிழ்த்தாள்.

செம்புக் கம்பியில் செய்த காதணிகள். நூற்றுக்குமேல் இருக்கும். மணிக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான், உடைந்த கண்ணாடி மணி, ஒன்றில் ஒரு பாசிப்பயறு அளவு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. எல்லாமே இடப்புறச் சுற்று. முதலில் செய்தவை கோழி கிளறிப் போட்டதுபோல் இருந்தன. பிறகு செய்தவற்றில் சுற்றுகள் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றையொன்று நெருங்கியிருந்தன. சிலவற்றில் ரத்தம் பட்டுக் காய்ந்திருந்தது.

"அந்தப் பொண்ணுகிட்ட, இடது கைக்காரங்க விரலை எங்க வெச்சுக்கணும்னு கேட்டேன். அவ்வளவுதான். அவ வெள்ளியைத் தொட்டதுகூட இல்ல. நேத்திக்குத்தான் நான் முதல் தடவையா வெள்ளியில செஞ்சேன். உன் ஜோடியில ஒண்ணை எடுத்துட்டு இதைக் கலந்து வெச்சேன். நீ கண்டுபிடிக்கலைன்னா நான் பாஸ்னு கணக்கு." அண்ணி தன் காதணியை நீட்டினாள். "நூத்துக்கு எவ்வளவு போடுவ?"

நாத்தனார் வெகுநேரம் பார்த்தாள். "முப்பத்தஞ்சு."

"பாஸ்தானே."

"நுனியை மேல மடக்கியிருக்கீங்க. அதுக்கு அஞ்சு குறைக்கணும்."

அண்ணி தோற்றுப்போன மாணவிபோல் பெருமூச்சு விட்டாள். நாத்தனார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். டின்னிலிருந்து விழுந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, பிறந்த வரிசையை ஊகித்து, ஒரு வரிசையில் அடுக்கினாள். அவள் குரல் தணிந்திருந்தது.

"என்னை அனுப்பிடணும்னா இவ்வளவு கஷ்டப்பட்டீங்க?"

"உன்னை அனுப்பி நான் யாரோட சண்டை போடறது? நீ இங்கயே இருந்தா எனக்குச் சந்தோஷம். ஆனா இருக்கணும்னு ஆசையா இருக்குன்னு சொல்லி இரு. இடது காதைச் சாக்கா வெச்சு இருக்காத. நாளைக்கு இந்த மேசையில உட்கார்ந்து, உங்களாலதான் போகலைன்னு நீ சொல்ல மாட்ட. நீ சொல்ல மாட்டேன்னுதான் எனக்குப் பயம்."

கீழே தையல் எந்திரம் ஓடி நின்றது. நாத்தனாரின் விரல்கள் ஒரு செம்புச் சுருளை நிமிர்த்தப் பார்த்தன, அது நிமிரவில்லை.

"எனக்குப் போகணும்னுதான் இருக்கு அண்ணி" என்றாள். "இந்த வயசுல அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் காது மேல பழியைப் போட்டேன்."

அண்ணி மேசை இழுப்பறையைத் திறந்து, பெயரெழுதாத ஒரு மாத்திரை டப்பாவை எடுத்தாள். அதில் மழைக்கால வானத்தின் நிறத்தில் இரண்டே மணிகள் இருந்தன. சும்மா பார்த்தால் சாம்பல். அசைத்தால் உள்ளே நீலம் ஒன்று கண்விழித்து மறையும். வாங்கி ஆறு ஆண்டுகள். கேட்டவர்களுக்கெல்லாம், "அது ஜோடி சேரலைங்க" என்று சொல்லி அண்ணி மறுத்துவந்தாள்.

"உனக்குன்னுதான் வெச்சிருந்தேன். இடது காதை நான் செய்யறேன்."

"முப்பது மார்க் கையிலயா?"

"அதே கையிலதான்."

நாத்தனார் சிறிது யோசித்தாள். பிறகு குறட்டை எடுத்து, இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள். கடிதம் எழுதுவதைத் தவிர வேறெந்த வேலையும் அந்தக் கைக்கு அவள் இதுவரை கொடுத்ததில்லை.

"அப்ப வலது காதை நான் செய்யறேன்."

இருவரும் எண்ணத் தொடங்கினார்கள். அன்றுபோல் மெதுவாக அவர்கள் ஒருநாளும் எண்ணியதில்லை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே அண்ணி இரண்டு முறை உதட்டைக் கடித்தாள். நாத்தனாரின் குறடு வழுக்கி மேசையைக் கொத்திற்று. ஏழு வந்தபோது இருவருக்கும் வியர்த்திருந்தது. செய்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் கோணல். ஒன்றின் கண்ணி இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் மற்றதன் கண்ணி சரியாக அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

"ஜோடி சேர்ந்துடுச்சு" என்றாள் அண்ணி.

மாதக் கடைசியில் கண்ணாடிக்காரர் வந்தார். அண்ணன் அவரை உட்காரவைத்து, அவர் கேட்காமலே புதுக் கடைக்கு எப்படி வயரிங் செய்ய வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் டீ கொண்டுவந்து வைத்தாள். கண்ணாடிக்காரர் நன்றி சொல்லத் தலை நிமிர்ந்தவர், அவள் காதுகளைப் பார்த்தார். மனிதர்களின் மூக்கையும் காதையும் முப்பது ஆண்டுகளாக அளந்துவந்த கண்கள் அவை.

"ரெண்டும் கொஞ்சம் கோணலா இருக்கோ?" என்றார். "தப்பா நினைக்காதீங்க. யாருக்கும் ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்காது. கண்ணாடிக் காம்பை லேசா வளைச்சுச் சரிபண்றதுதான் எங்க வேலையே. கொடுங்க, ஒரு நிமிஷத்துல நேராக்கித் தரேன்." பழக்க தோஷத்தில் கை சட்டைப்பையிலிருந்த சிறு குறட்டைத் தேடிற்று.

"வேண்டாம்" என்றார்கள் அண்ணியும் நாத்தனாரும், ஒரே குரலில்.

கண்ணாடிக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"இடது காது அண்ணி செஞ்சாங்க" என்றாள் நாத்தனார். "வலது காது நான் செஞ்சேன்."

அவர் புரியாமல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன், தனக்கும் கரண்ட் வரவில்லை என்பதுபோல் கையை விரித்தார்.

"வரேன்னு சொல்றா" என்றாள் அண்ணி. "டீ ஆறிடப் போகுது, குடிங்க."

அவர் டீயைக் குடிக்கவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, நாத்தனாரை இன்னொரு முறை பார்த்தார்.

இப்போது துறைமுக நகரத்தில், மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு மேசை இருக்கிறது. கம்பளித் துணி விரித்த அந்த மேசையில், மணி டப்பாக்களுக்கு நடுவே ஒரு செல்போன் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. தையல் கடைக்கு மேலிருக்கும் மாடியறையிலும் அதேபோல் ஒன்று. அதற்குச் சாய்மானம் செய்து கொடுத்தவர் அண்ணன். தபால் என்று முதலில் சொன்னது யார் என்பதை அவர் வருகிறவர்களிடமெல்லாம் ஞாபகப்படுத்துகிறார். வாரம் ஒரு முறை இடது காதுகள் ரயிலேறி வருகின்றன.

சென்ற வாரம் ஒரு பவள ஜோடியின்போது நடந்தது இது.

"அஞ்சு, ஆறு, ஏழு" என்று நிறுத்தினாள் அண்ணி.

"எட்டு" என்றது போன்.

"என்னடி எட்டு? ஏழோட நிறுத்தணும்."

"தெருவுல யாரோ சிரிச்சாங்க. திரும்பிப் பாத்துட்டே ஒண்ணு கூடப் போட்டுட்டேன். இனிமே பிரிக்க முடியாது அண்ணி, ஒடிஞ்சுடும்."

அண்ணி தன் கையிலிருந்ததைப் பார்த்தாள். வால் இன்னும் வெட்டாமல் இருந்தது.

"சரி, இரு" என்று சொல்லி, அவளும் எட்டாவது சுற்றைப் போட்டாள்.